குதிரையிலை என்ரை மனிசன்

எங்கடை நகரத்துக்கு ஆர் வந்தாலும் சதுக்கத்தைக் காட்டாமல் திருப்பி அனுப்பேலாது. லண்டனிலையிருந்து வாற மச்சாள்மாரும், பாரிசிலையிருந்து வாற சித்தப்பாமாரும், கனடாவிலையிருந்து ஐரோப்பா பாக்க வெளிக்கிட்டு, வழியிலை இத்தாலியிலையும் எங்களுக்கு ஒரு ஆள் இருக்குது எண்டு ஞாபகம் வந்து இறங்கிற தூரத்துச் சொந்தங்களும், வீட்டுக்குள்ளை வந்து சப்பாத்தைக் கழட்ட முதலே கேக்கிறது, மலர், அந்தக் குதிரை நிக்கிற இடம் எவ்வளவு தூரம், நடந்து போகலாமோ எண்டுதான். நான் இடியப்பம் அவிச்சு, சொதி வைச்சு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, அலுத்துப்போன காலைத் திரும்பவும் சப்பாத்துக்குள்ளை திணிச்சு, அவையளைக் கூட்டிக்கொண்டு போவன். கிழமை முழுக்க நிலம் துடைக்கிற இடத்தை ஞாயிற்றுக்கிழமையும் போய் அண்ணாந்து பார் எண்டால் ஒரு மனிசிக்கு எப்பிடி இருக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, வடிவான இடம்தான். மொந்தெலாரோ எண்ட இந்த ஊர் வயலுக்கும் பனிப்புகாருக்கும் நடுவிலை கிடக்கிற சின்ன ஊர். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஆண்டவை தங்கடை பவிசைக் காட்டக் கட்டின சதுக்கம், அதைச் சுத்தி மூண்டு பக்கம் மூண்டு அரண்மனை, நாலாம் பக்கம் தூணும் வளைவுமா ஒரு நீட்டு விறாந்தை, அதுக்குக் கீழை கோப்பிக் கடையள். ஊரை ஆண்ட டியூக்கின்ரை அரண்மனையிலை அடித்தட்டுக் கல்லெல்லாம் பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாச் செதுக்கிக் கிடக்கும். ஆயரின்ரை அரண்மனை நல்ல சிவந்த செங்கல்லு. வட்டிக்குக் குடுத்துப் பணக்காரரான வியாபாரியளின்ரை அரண்மனைதான் எல்லாத்திலும் உசரம், அதின்ரை யன்னல் ஒவ்வொண்டுக்கும் நடுவிலை ஒரு மெல்லிய தூண் நிக்கும். டியூக்கை விட உசரமாக் கட்டிப்போட்டு, அவர் கோவிப்பார் எண்டு பயந்து வாசல் கதவை மட்டும் சின்னனாய் வைச்சவையாம். வழிகாட்டியள் இதைச் சொல்ல வாறவை எல்லாரும் சிரிப்பினம்.

நான் வேலை செய்யிறது டியூக்கின்ரை அரண்மனையிலை. அங்கை படிக்கட்டு குதிரை ஏறக்கூடின மாதிரி அகலமா, பதிவாக் கட்டிக் கிடக்கும். குதிரைக்குச் சுகம், வாளி தூக்கிற மனிசருக்கு உபத்திரவம். மேல் மண்டபத்துக் கூரை முழுக்கச் சாமிமாரும் செட்டை முளைச்ச குழந்தையளும் முகிலுக்குள்ளாலை எட்டிப் பாத்துக்கொண்டிருப்பினம், வாறவை அதைப் பாத்து வாயைப் பிளந்துகொண்டு நிப்பினம், அவையளின்ரை சப்பாத்துத் தடத்தை நான் பின்னாலை துடைச்சுக்கொண்டு போவன். அந்தக் கூரையை நான் வடிவாப் பாத்தது, ஒருநாள் இடுப்புப் பிடிச்சு மல்லாந்து விழுந்து கிடந்த நேரம் மட்டும்தான்.

சதுக்கத்துக்கு நடுவிலை உசந்த பீடத்திலை ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வெண்கலக் குதிரை, குதிரைக்கு மேலை டியூக் பல்தசாரே. இதுதான் மொந்தெலாரோ. கடையிலை விக்கிற படத்திலையும், சொக்கிலேட் பெட்டியிலையும், பஸ் சீட்டிலையும் இந்தக் குதிரையும் இந்த டியூக்கும்தான்.

அந்த டியூக் பல்தசாரே ஒரு மாசி மாதத்துக் காலமை குதிரையை விட்டு இறங்கினார். இறங்கினார் எண்டால் இறங்கினார்தான். ஒரு காலைச் சுழட்டி இந்தப் பக்கம் போட்டு, பீடத்திலை குந்தி இருந்து, பேந்து ஆறுதலா நிலத்திலை காலை வைச்சு, இடுப்பிலை கையைக் குடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார். நடக்க நடக்க அவரிலையிருந்து வெண்கலம் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, உள்ளுக்குள்ளையிருந்து தாடை தொங்கின, வயசான ஒரு மனிசன் வெளியிலை வந்தார். நான் அரண்மனை வாசலிலை வாளியோடை நிண்டு பாத்தனான். அவர் நேரை கோப்பிக் கடைக்குப் போய்க் கதிரையை இழுத்து இருந்து சப்பாத்தைக் கழட்டினார். கடைக்காரன் அவரை ஒருக்கா ஏற இறங்கப் பாத்திட்டு, பால் விட்டோ விடாமலோ எண்டு கேட்டான். ஏன் இறங்கினீங்கள் எண்டு கேட்டது ஒரு பத்திரிகைக்காரப் பெட்டை மட்டும்தான். களைச்சுப் போனன் எண்டு அவர் சொன்னாராம், அவளும் அது சரிதானே எண்டு தலையாட்டிப்போட்டு, தானும் ஒரு கோப்பிக்குச் சொல்லி, அவருக்குப் பக்கத்திலை கொஞ்ச நேரம் சும்மா இருந்திட்டுப் போனாளாம்.

டியூக் இறங்கினதிலை நகரசபைக்கு ஒரு வருத்தமும் இல்லை. குதிரை வெறும் முதுகோடை நிக்கிறதுதான் அவையளுக்குத் தலையிடி. பள்ளிக்கூடப் பிள்ளையள் பஸ்ஸிலை வந்து இறங்கினால் என்னத்தைக் காட்டிறது, சொக்கிலேட் பெட்டியிலை ஒரு மாதிரியும் சதுக்கத்திலை ஒரு மாதிரியும் இருந்தால் சனம் கேள்வி கேக்காதோ எண்டு கூட்டம் போட்டுக் கதைச்சு, கண்ணாடியை நெத்தியிலை ஏத்தி விட்டுக்கொண்டு திரியிற எங்கடை மேயரா இருக்கிற மனிசி, ஆராவது ஒருத்தர் மேலை இருக்கத்தான் வேணும் எண்டு முடிவெடுத்தா. முதல் பெரிய குடும்பத்து ஆக்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏறிச்சினம். பழைய பிரபு வீட்டுப் பேரன் ஏறினார், முதுகும் நாரியும் நோகுது எண்டு இறங்கினார். சட்டத்தரணி ஏறினார், குளிர் எண்டு இறங்கினார். பாண்ட் வாத்தியக் குழு வாத்தியார் ஏறி, ஒரு மத்தியானம் முழுக்க மூத்திரத்தை அடக்கி, ஆசுப்பத்திரியிலை போய்ப் படுத்தார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கிட்டவும் வரேல்லை.

இந்த நாட்டிலை ஒரு வேலையை எல்லாரும் ஏலாதெண்டு கைவிட்டால் அது நேரை எங்கடை வீட்டுக் கதவைத்தான் வந்து தட்டும். கிழடுகளைக் குளிப்பாட்டிறது, தக்காளி பிடுங்கிறது, பண்டி இறைச்சியை வெட்டிப் பெட்டியிலை அடுக்கிறது எல்லாம் அப்பிடி வந்ததுதான்; குதிரையிலை இருக்கிறதும் அப்பிடித்தான் வந்தது. என்ரை மனிசன் நகுலேசன், ஊரிலை கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சரா இருந்தவர், இஞ்ச வந்த நாளிலையிருந்து சதுக்கத்துக்குப் பின்னாலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினவர். காலமை போய் நிண்டால் இரவு கடை பூட்டும் மட்டும் நிக்க வேணும். கால் நரம்பெல்லாம் புடைச்சுப் போய்க் கிடக்கும். நகரசபை ஆள் வந்து கதைச்சிட்டுப் போனதும் அவர் முகத்திலை ஒரு வெளிச்சம் வந்தது.

"இருந்துகொண்டு செய்யிற வேலையப்பா" எண்டார்.

எனக்கும் சந்தோசம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. வெண்கல நிறத்திலை மாத்தி மாத்திப் போட ரெண்டு போர்வையும் முகத்துக்குப் பூச ஒரு களிம்பும் குடுத்தவை. காலமை ஏணியாலை ஏறுவார், சதுக்கத்து விளக்கெல்லாம் பத்தின உடனை இறங்குவார், களிம்பைக் கழுவிப்போட்டு வீட்டை வருவார், ரெண்டு பேரும் மேசையிலை முகத்துக்கு முகம் பாத்து இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவம். கோப்பை கழுவின காலத்திலை அவர் வாற நேரம் நான் நித்திரையாப் போயிருப்பன், விடிய நான் எழுப்பிவிட அவர் அரை நித்திரையிலை வேலைக்கு ஓடுவார். ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டு வாடகைக்காரர் மாதிரித்தான் இருந்தம். அவர் என்னோடை இருந்து சாப்பிட வேணும், அதுக்கு மேலை நான் இந்த நாட்டிட்டை ஒண்டும் கேக்கேல்லை. அது கிடைச்சது எண்டு நினைச்சன்.

வேலையிலை அவரை ஒருத்தரும் குறை சொல்லேலாது. மற்றவை மேலை இருந்து நெளிஞ்ச மாதிரி அவர் நெளியேல்லை. ஈ இருந்தாலும் துரத்தேல்லை, புறா தலையிலை இருந்தாலும் அசையேல்லை. உலகம் முழுக்க இருந்து சனம் வந்து நிண்டு படம் எடுத்துது, டியூக்குக்கு எங்காலை இவ்வளவு மொத்தமான மீசை வந்தது எண்டு ஒரு சீவன் கேக்கேல்லை. வழிகாட்டியள் மட்டும் கதையைக் கொஞ்சம் மாத்தி, டியூக் கிழக்கு நாடுகளிலை கனகாலம் சண்டை பிடிச்சதாலை வெய்யிலிலை நிறம் மாறிப் போனார் எண்டு சொல்லத் துவங்கிச்சினம். அதையும் சனம் எழுதிக்கொண்டு போச்சுது.

எங்கடை ஆக்களுக்குத்தான் பெருமை தாங்கேலாமல் போச்சு. இஞ்ச எங்களுக்கு ஒரு தமிழ்ச் சங்கம் இருக்குது, அதுக்குத் தலைவர் ஞானச்சந்திரன் அண்ணை, அரிசிக் கடை வைச்சிருக்கிறவர். நல்ல மனிசன், ஆனால் ஒரு ஆளைக் கண்டால் பொன்னாடை போத்தாமல் விடமாட்டார். பிள்ளை ஓட்டப் போட்டியிலை கடைசியா வந்தாலும் ஓடினதே பெரிய விசயம் எண்டு சொல்லி ஒரு பொன்னாடை. டியூக்கின்ரை குதிரையிலை எங்கடை ஆள் இருக்கிறார், நாங்கள் சும்மா இருக்கிறதோ எண்டு சித்திரை வருசப் பிறப்புக்கு விழா எடுத்தார். விழாவைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை ஆரோ ஒரு மகராசி, அது அவருக்குப் புது வாகனமெல்லோ, எங்கடை ஆக்கள் ஒரு பழைய கார் வாங்கினாலே பூசை போடாமல் எடுக்கிறதில்லை, இவர் இவ்வளவு நாளும் பூசை இல்லாமல் ஏறி இருக்கிறாரே எண்டு கேட்டிருக்கிறா. எல்லாருக்கும் அது சரியெண்டு பட்டுது. எனக்கு அண்டைக்கு வேலை, விடுமுறை தரேல்லை. பொன்னாடையோடை முடிஞ்சிடும் எண்டுதான் நானும் நினைச்சன்.

மேல் மண்டபத்து யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டன். பொன்னாடை போத்திச்சினம், மாலை போட்டினம், தேங்காய் உடைச்சினம். கார்ச் சில்லுக்குக் கீழை வைக்கிற மாதிரிக் குதிரையின்ரை குளம்புக்குக் கீழை தேசிக்காய் வைச்சினம். தூக்கின காலுக்கு என்ன செய்யிறது எண்டு தெரியாமல் கனநேரம் வாக்குவாதப்பட்டு, கடைசியிலை அந்தக் காலுக்கு நேர் கீழை பீடத்திலை ஒண்டை வைச்சிட்டு விட்டினம். ஞானச்சந்திரன் அண்ணை ஏணியிலை ஏறி, தட்டிலை கற்பூரத்தைக் கொழுத்திக் குதிரைக்குக் காட்டினார். அதோடை நிப்பாட்டியிருக்கலாம். தீபம் காட்டிப் பழகின கை, நிக்கேல்லை. தட்டு மேலை போச்சுது, குதிரைக்கு மேலை மாலையோடை இருக்கிற இவருக்கும் ஒருக்காச் சுத்திச்சுது, கீழை நிண்ட சனம் முழுக்க யோசிக்காமல் கையைத் தூக்கிக் கும்பிட்டுது. வாகனத்திலை எழுந்தருளி இருக்கிறவருக்குத் தீபம் காட்டினால் அவர் பேந்து ஆர் எண்டு எங்கடை கோயில் வீதியிலை விளையாடி வளந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

நான் வாளியைப் போட்டிட்டு ஓடினன். அந்தக் குதிரைப் படிக்கட்டிலை கெதியா இறங்கேலாது, ஒவ்வொரு படியும் ஒரு முற்றம் மாதிரி அகலம். நான் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்த நேரம் கற்பூரம் அணைஞ்சு போச்சுது, சனம் மோதகம் சாப்பிடத் துவங்கிட்டுது. பின்னேரம் விளக்குப் பத்தினது, ஏணி வைச்சது, அவர் இறங்கேல்லை. நான் ஏறிக் கையைப் பிடிச்சுப் பாத்தன். களிம்பு இல்லை, வெண்கலம்; மாலையும் வெண்கலம், பொன்னாடையின்ரை சரிகைக்கரையும் வெண்கலம்.

மேயர் மனிசி அடுத்த நாள் வந்து, அவரின்ரை கெண்டைக்காலிலை விரல் மொழியாலை தட்டி, காதை வைச்சுக் கேட்டா. பேந்து என்னைக் கட்டிப் பிடிச்சு ஆறுதல் சொல்லிப்போட்டு, அவரை ஊழியர் பகுதியிலையிருந்து சின்னங்கள் பகுதிக்கு மாத்தினா. குடும்பத்துக்கு நகரத்தின்ரை நன்றி எண்டு எனக்கு ஒரு அட்டை தந்தவை: டியூக்கின்ரை அரண்மனையை ஆயுள் முழுக்க இலவசமாச் சுத்திப் பாக்கலாம். நான் சம்பளத்துக்குத் துடைக்கிற அரண்மனையை. அந்த அட்டையை வைச்சுக்கொண்டு சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியாமல் குசினியிலை கனநேரம் இருந்தன்.

எங்கடை சனத்துக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. பாதிப் பேர் செத்தவீட்டுக்கு வாற மாதிரி வெள்ளை உடுத்து வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதினம். மற்றப் பாதி கோயிலுக்குப் போற மாதிரி முழுகிப்போட்டு, நேரை சதுக்கத்துக்குப் போச்சினம். வெள்ளிக்கிழமையள் பெண்டுகள் விளக்குக் கொண்டு போகத் துவங்கிச்சினம். மகனுக்கு விசா வேணும், மகளுக்குச் சம்பந்தம் வேணும் எண்டு நேத்தி வைச்சினம். ஊர்க் கிழவியள், சிலுவை போட்டிருக்கிற இத்தாலிக் கிழவியள்தான், அவையளும் போற வழியிலை ஒரு மெழுகுதிரி வைச்சிட்டுப் போச்சினம். ஆரெண்டு கேட்டால், ஆரோ ஒருத்தர், பொறுமையா இருக்கிறார் எண்டு சொல்லிச்சினம். விசா கிடைச்சதெண்டு ஒருத்தி எனக்குச் சக்கரைப் பொங்கல் கொண்டு வந்து தந்தாள். அதை வாங்கி வைச்சிட்டு எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. ஊரிலை உள்ள எல்லாருக்கும் குடுக்கிறார், நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு, இறங்கி வாங்கோ எண்டு, அதை மட்டும் குடுக்கிறாரில்லை. ஞானச்சந்திரன் அண்ணை அரிசிக் கடையிலை என்னைக் காணுற நேரமெல்லாம், நல்ல நோக்கத்தோடைதான் தங்கச்சி செய்தது எண்டு சொல்லுவார். நான் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்திடுவன்.

கடைசியிலை டியூக்கைத் தேடிப் போனன். அவர் எங்கை எண்டு நினைக்கிறியள்? என்ரை மனிசன் விட்டிட்டுப் போன இடத்திலை. மேலையிருந்து இறங்கின மனிசனுக்கும் சாப்பாடு வேணும்தானே; சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவ ஆள் இல்லையெண்டு கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்திட்டார். பின் கதவைத் தட்டினன். முழங்கை வரைக்கும் சவுக்கார நுரையோடை வந்தார். நான் சுத்தி வளைக்காமல், ஐயா, நீங்கள் திரும்பப் போய் உங்கடை குதிரையிலை இருக்க வேணும், எனக்கு என்ரை மனிசன் வேணும் எண்டு சொன்னன். அவர் கையை ஏப்பிரனிலை துடைச்சார்.

"சிஞ்ஞோரா, நான் மேலை இருந்த காலம் முழுக்க என்னைப் பாக்காத ஆள் இல்லை. ஆனால் ஒருத்தரும் என்னிட்டை ஒண்டும் கேக்கேல்லை. இஞ்ச உள்ளவை, பல்தசாரே, கரண்டியெல்லாம் எங்கை, பல்தசாரே, கெதியா எண்டு கேக்கினம்."

அதைச் சொல்லேக்கை அவரின்ரை முகத்திலை இருந்த சந்தோசத்தைக் கண்டு எனக்குக் கேட்டதே பாவமாப் போச்சு. ஆனால் டியூக் டியூக்தான், நீதி தெரிஞ்ச மனிசன். இந்த வேலை உங்கடை மனிசன்ரை, அவர் இறங்க விரும்பினால் நான் அண்டைக்கே ஏப்பிரனைக் கழட்டிப்போட்டு மேலை போறன் எண்டு வாக்குக் குடுத்தார். உள்ளுக்குள்ளையிருந்து ஆரோ அவரைக் கூப்பிட்டினம், அவர் ஓடினார்.

அப்ப மிச்சம் இருந்தது இவரை இறக்கிறது மட்டும்தான். ரெண்டு ரயில் மாறிப் போனால் ஒரு பெரிய பட்டினத்திலை எங்கடை குருக்கள் ஒருத்தர் இருக்கிறார். கிழமை நாளிலை பெட்டியள் அடுக்கிற களஞ்சியத்திலை வேலை, சனி ஞாயிறிலை கலியாணம், வீடு குடிபூரல், செத்தவைக்கு அந்தியேட்டி. நான் போய்ச் சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், களைப்போ தியானமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரு பயமும் இல்லை எண்டார். கோயில் திருத்தேக்கை சாமியைக் கும்பத் தண்ணிக்கு இறக்கிப் பாலஸ்தாபனம் எண்டு ஒரு சின்னக் கொட்டிலிலை வைக்கிறதில்லையோ, அதே மாதிரி உங்கடை மனிசனையும் கும்பத்துக்கு இறக்கலாம், வீட்டை கொண்டுபோய் அந்தத் தண்ணியை வெறும் பாயிலை வார்த்தால் எழும்பி இருப்பார் எண்டார். ஆனால் ஒண்டு, எந்தச் சாமியையும் கேக்காமல் அசைக்கிறதில்லை, முதலிலை அனுமதி கேக்க வேணும், அதை நான் கேக்கேலாது, உரிமை உள்ளவை கேக்க வேணும், அவர் ஓம் எண்டால்தான் நான் கும்பத்து நூலைத் தொடுவன் எண்டு சொன்னார். ஓம் எண்டு சொல்லுவார் எண்டு நான் சொன்னன். அதிலை எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கேல்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல். சதுக்கம் நிறைய பஸ்ஸிலை வந்திறங்கின சனம். மேயர் மனிசி கொஞ்சத் தூரத்துக்கு நாடா கட்டித் தந்தா. குருக்கள் குடத்துக்கு நூல் சுத்தி, மாவிலை கிடையாததாலை எலுமிச்சை இலை செருகி, தண்ணி நிரப்பி வைச்சார். டியூக் ஏப்பிரனோடை வந்து, வீட்டிலை மிச்சம் கிடந்து, நான் தோய்ச்சு மடிச்சுக் குடுத்துவிட்ட மற்ற வெண்கல நிறப் போர்வையைக் கையிலை வைச்சுக்கொண்டு, பள்ளிக்கூடம் துவங்கிற நாள் பிள்ளை மாதிரி நிண்டார். ஞானச்சந்திரன் அண்ணை தூரத்திலை, தலையைக் குனிஞ்சுகொண்டு. வீட்டிலை நான் புட்டு அவிச்சு வைச்சிட்டுத்தான் வந்தனான், அவரின்ரை கோப்பையையும் மேசையிலை எடுத்து வைச்சிட்டு.

ஏணியாலை ஏறினன். முகத்துக்கு நேரை முகம் வர நிண்டு பாத்தன். அவ்வளவு கிட்ட நிண்டு, நல்ல வெளிச்சத்திலை, அவரின்ரை முகத்தை நான் கனகாலமாப் பாக்கேல்லை. புருவத்துக்கு நடுவிலை எப்பவும் கிடக்கிற அந்தச் சுருக்கம் இல்லை. வாய்க் கடை தளர்ந்து கிடந்தது.

"இஞ்சேருங்கோ" எண்டன். "வீட்டை வாறியளோ?"

வெண்கலத்துக்குள்ளையிருந்து, தூரத்திலையிருந்து வாற மாதிரி, அவரின்ரை குரல் வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரமப்பா."

இந்த நாட்டிலை நாங்கள் இருந்த அத்தினை காலமும் விடியப்புறம் இருட்டுக்குள்ளை நான் அவரின்ரை தோளைப் பிடிச்சு உலுப்ப, அவர் சொல்லுறது இது ஒண்டுதான். ஒருநாளும் அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குக் கிடைச்சதில்லை. கிடைச்சிருந்தால் வேலை போயிருக்கும், வாடகை நிண்டிருக்கும், பிள்ளையைப் படிப்பிச்சு வெளியூர் வேலைக்கு அனுப்பியிருக்க ஏலாது. எழும்புங்கோ, நேரமாச்சு எண்டு போர்வையை இழுக்கிறதுதான் என்ரை முதல் வேலை, பேந்துதான் அரண்மனை. இப்பவும் என்ரை கை என்னைக் கேக்காமல் அவரின்ரை தோளுக்குப் போச்சுது. உலுப்பினால் எழும்பியிருப்பார். அவர் ஒருநாளும் எழும்பாமல் விட்டதில்லை.

அவர் எனக்கு வேணும், அந்த மேசையிலை, எனக்கு முன்னாலை. அதை நினைக்க நினைக்கக் கண்ணாலை தண்ணி ஓடிச்சுது. என்ன சொல்லுறார், துவங்கட்டோ எண்டு குருக்கள் கீழையிருந்து கேட்டார்.

நான் கையை எடுத்தன்.

"வேண்டாம் ஐயா" எண்டன். "கொஞ்சம் படுக்கட்டும்."

ஏணியாலை இறங்கினன். குருக்கள் நூலைக் கழட்டி, தண்ணியை விறாந்தையோரம் நிண்ட எலுமிச்சை மரத்தடியிலை ஊத்தினார். டியூக் என்ரை கையைப் பிடிச்சுக் குனிஞ்சு முத்தம் குடுத்து, போர்வையை என்னிட்டைத் தந்திட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம், கோப்பையள் குவிஞ்சிருக்கும் எண்டு சொல்லிக்கொண்டு விறுவிறெண்டு நடந்தார். நாடாவைக் கழட்டின உடனை சனம் பழையபடி உள்ளுக்கை வந்தது. முன்னாலை ஒரு வழிகாட்டிப் பெட்டை, ஒரு கையிலை கொடியும் இடுப்பிலை ஒலிபெருக்கிப் பெட்டியுமா, இதோ டியூக் பல்தசாரே, வெற்றி வீரர் எண்டு சதுக்கம் அதிரச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு போய் அவளின்ரை கையிலை மெல்லத் தொட்டன்.

"பிள்ளை, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வை. என்ரை மனிசன் இப்பதான் கண்ணயர்ந்தவர்."

அவள் மேலை பாத்தாள், என்னைப் பாத்தாள். பெட்டியை நிப்பாட்டிப்போட்டு, பின்னாலை திரும்பி உதட்டிலை விரலை வைச்சுக் காட்டினாள். அவ்வளவு சனமும் சப்பாத்துச் சத்தம் கேக்காமல், நுனிக்காலிலை, குதிரையைச் சுத்திக்கொண்டு போச்சுது.